எட்டுக் கம்பியும் ஒரு ரிஷபமும்

சென்னையில் மாண்டலின் வாங்கக் கிளம்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு. 1980களின் சபாக்களில், மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒரு சிறுவன் அந்தக் குட்டி வாத்தியத்தில் ஆலாபனை செய்வதைக் கேட்டு வாயைப் பிளந்தவர்கள் ஒரு வகை. 1995இல் வந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ படத்தில், கடுகு வயலுக்கு நடுவே ஷாருக் கான் மாண்டலினோடு நிற்க, கஜோல் ஓடிவந்ததைப் பார்த்து, எல்லாம் மாண்டலின் செய்த வேலை என்று முடிவுகட்டியவர்கள் இன்னொரு வகை. நம்மவர் இரண்டிலும் உறுப்பினர். நங்கநல்லூரில் வீடு, வங்கியில் உத்தியோகம், வயது 56. ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் “ஒரு வாத்தியம் கத்துக்கணும் சார்” என்று சொல்லிவந்தார். எந்த வாத்தியம் என்று யாரும் கேட்காதவரை வண்டி நிம்மதியாக ஓடியது. ஒரு நாள் மனைவி கேட்டுவிட்டார்.

“மாண்டலின்” என்றார் நம்மவர். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரியவந்தது.

அதற்குப் பிறகு அவர் ஆதாரங்களைத் திரட்டத் தொடங்கினார். அந்த மேடைச் சிறுவன் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ், 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயது வாக்கில் அப்பா சத்யநாராயணாவின் மாண்டலினை எடுத்து வைத்துக்கொண்டார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பாடியதைப் பையன் கம்பியில் தேடி எடுப்பான். 1981இல் சென்னையில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் வாசித்தபோது பையனுக்கு வயது 12. கர்நாடக சங்கீதத்துக்கு மாண்டலின் சரிப்படுமா என்று புருவத்தைத் தூக்கியவர்கள் கச்சேரி கேட்டுவிட்டு இறக்கினார்கள். 1998இல் பத்மஸ்ரீ. 2014 செப்டம்பரில், 45 வயதில், மறைந்தார்.

இந்த வரலாற்றிலிருந்து நம்மவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கணக்கு. ஆறு வயதில் எடுத்தால் பன்னிரண்டில் மேடை. ஆகவே 56இல் எடுத்தால் 62இல் மேடை. வட்டி விகிதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது வங்கிக்காரருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

முதல் குழப்பம் வாத்தியத்தின் முதுகில் ஆரம்பித்தது. பழைய இத்தாலிய மாண்டலினுக்கு முதுகு குடம்போல் உருண்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் நேபிள்ஸ் நகரத்து வினாச்சா குடும்பத்தார் செய்து பெயர் வாங்கிய வடிவம் அது. மோட்சார்ட் 1787இல் எழுதிய ‘டான் ஜியோவான்னி’ இசைநாடகத்தில் கதாநாயகன் ஒரு பெண்ணின் ஜன்னலுக்குக் கீழே நின்று மாண்டலின் துணையோடு பாடுகிறான். ஷாருக் கான் 208 வருஷம் தாமதமாக வந்தவர் என்பது நம்மவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பீத்தோவனும் 1796இல் பிராகு நகரத்தில் ஒரு பிரபு குலத்துப் பெண்ணுக்காக மாண்டலினுக்குச் சில சிறு உருப்படிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். இத்தனை பெரிய இடத்துச் சிபாரிசு இருந்ததால் ஒரு கடையில் உருண்டை முதுகு மாண்டலினையே எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். இயற்கை அவருக்கும் முன்பக்கத்தில் ஓர் உருண்டையைக் கொடுத்திருந்தது. இரண்டு உருண்டையும் சந்தித்த இடத்தில் வாத்தியம் வழுக்கிக்கொண்டு முழங்காலுக்குப் போயிற்று. கடைக்காரர் பாய்ந்து பிடித்தார்.

மிச்சம் இருந்தவை தட்டை முதுகும், அமெரிக்க முதுகும். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ என்ற ஊரில் இருந்த ஆர்வில் கிப்சன், வயலினைப்போல மரத்தைக் குடைந்து செதுக்கி மாண்டலின் செய்யும் முறைக்கு 1898இல் காப்புரிமை வாங்கினார். அந்த வழியில் வந்தவை இரண்டு ரகம். சொட்டு வடிவத்தில் அடக்கமாக இருப்பது ஏ ரகம். தோளில் ஒரு சுருளும் இடுப்பில் கூரான முனைகளுமாக அலங்காரம் செய்துகொண்டு நிற்பது எஃப் ரகம். அந்தச் சுருளால் ஒலிக்குப் பெரிதாக எந்த லாபமும் கிடையாது. தோள்வாரை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதைச் செதுக்க ஆகும் கூலி முழுக்க விலையில் ஏறும். ஒரே தொகைக்கு எஃப் வாங்கினால் சுருளும், ஏ வாங்கினால் நல்ல மரமும் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. நம்மவர் கணக்கை ஒப்புக்கொண்டார். கண் மட்டும் சுருளை விட்டு வரவில்லை.

சுருள் மோகத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தில் லாய்டு லோர் என்பவர் 1922 முதல் 1924 வரை எஃப்-5 என்ற மாடலை மேற்பார்வையிட்டு உள்ளே கையெழுத்துப் போட்டார். 1923இல் அவர் கையெழுத்திட்ட ஒன்றை, 1940களில் ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் 150 டாலருக்கு வாங்கினார் பில் மன்றோ. புளூகிராஸ் என்ற இசைவகையையே உண்டாக்கியவர் என்று பேர் எடுத்தவர். லோர் கையெழுத்திட்ட மாண்டலின்கள் இன்றைக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகின்றன. இதைப் படித்த நாளிலிருந்து நம்மவர் முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்திலெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நங்கநல்லூர் சலூன்களில் அவருக்குக் கிடைத்தது சென்ற வருஷத்துக் காலண்டர்.

கடைசியில் ஏ ரகம்தான் என்று தீர்மானமாயிற்று. அடுத்த கேள்வி மரம். மேல்பலகை முழு ஸ்புரூஸ் மரமா, ஒட்டுப்பலகையா? ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. முழு மரம் ஒலியில் சிறந்தது, வருஷம் ஆக ஆகத் திறக்கும் என்பார்கள். ஒட்டுப்பலகை சென்னையின் ஈரக்காற்றையும் மே மாத வெயிலையும் அதிகம் பொருட்படுத்தாது. எதுவானாலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் பசை இளகிவிடும். நம்மவர் டார்ச்சோடு கடை கடையாகக் குனிந்து பார்த்ததில் ஒரு விற்பனையாளர், “தொண்டை டாக்டருங்களா?” என்று விசாரித்தார்.

மனைவிக்குக் கவலை வேறு. “ஏங்க, வீணைன்னா பெருசா ஒரு மூலையில கிடக்கும். இதைச் சோபாவுல வெச்சா யாராவது மேல உக்காந்துருவாங்க.”

“யாரு உக்காருவாங்க?”

“உங்களைத்தான் சொல்றேன்.”

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு கடையில் வாங்கினாரா என்றால் இல்லை. தள்ளுபடி என்று கண்ணில் பட்டதும் ஆன்லைனில் வாங்கினார். பெட்டி வந்தது. “கிரிக்கெட் பேட்டா சார்?” என்றார் காவலாளி. பெங்களூரிலிருந்து வீடியோவில் எட்டிப் பார்த்த மகன், “யுகுலேலேயாப்பா?” என்றான். அது நைலான் கம்பி, நாலுதான். இது எஃகு, எட்டு. இரண்டிரண்டாகச் சேர்த்து நாலு ஜோடி. வயலினுக்கு உள்ள அதே ஜி, டி, ஏ, ஈ என்று நம்மவர் ஒரு சிற்றுரை ஆற்றினார். மகன் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டான்.

பெட்டிக்குள் மாண்டலின் இருந்தது. கம்பிகள் தொளதொளவென்று தொங்கின. ஒரு பிளாஸ்டிக் உறையில் சின்ன மரத்துண்டு தனியாகக் கிடந்தது. கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்து நம்மவர் புகார் எழுதக் கிளம்பினார். மகன்தான் தடுத்தான். கழன்றது இல்லை, அனுப்புவதே அப்படித்தான். அந்தத் துண்டுதான் குதிரை.

மாண்டலின் குதிரையைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. எட்டுக் கம்பியும் சுருதிக்கு வந்து நிற்கும்போது மொத்த இழுப்பு எழுபது எண்பது கிலோ இருக்கும். அதில் ஒரு பங்கு குதிரையின் தலையில் கீழ்நோக்கி இறங்குகிறது. காலை எட்டரை மணி பஸ்ஸில் எதையும் பிடிக்காமலே விழாமல் நிற்கிற பயணியைப்போல, நெரிசல் ஒன்றே அதற்குப் பிடிமானம். நெரிசல் தளர்ந்தால் சாய்ந்துவிடும். அதனால்தான் பழைய கம்பிகளை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்பார்கள்.

எந்த இடத்தில் நிறுத்துவது? கழுத்து முனையில் கம்பிகள் ஏறிவரும் சிறு பாலத்தை நட் என்கிறார்கள். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகள் மெட்டுகள். நட்டிலிருந்து 12ஆம் மெட்டு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரையும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். சாதாரண மாண்டலினில் முழு நீளம் சுமார் 35 சென்டிமீட்டர் என்பதால் பாதி பதினேழரைச் சொச்சம். நம்மவர் மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தார். அளந்தது தொடக்கம்தான். 12ஆம் மெட்டில் அழுத்திப் பிடித்து மீட்டினால் திறந்த கம்பியின் மேல் ஸ்தாயி அச்சாகக் கேட்க வேண்டும். ஏறிக் கேட்டால் குதிரையை வால் பக்கம் தள்ள வேண்டும். இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கம். “ஏறினால் வால், இறங்கினால் கழுத்து” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதை யோகாசனக் குறிப்பு என்று எண்ணி எழுதிக்கொண்டு போனார்.

சீட்டு சரி, குதிரைதான் கேட்கவில்லை. ஒரு ஜோடி சரியானால் இன்னொன்று ஏறியது. குதிரையின் உச்சியில் கம்பிக்குக் கம்பி முன்னும் பின்னுமாகப் படி வெட்டியிருப்பார்கள். கனமான கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் அழுத்தும்போது ஏறுகிற அளவு வேறு. அதைச் சரிக்கட்டத்தான் அந்தப் படிகள். நம்மவர் குதிரையை முன்பின் மாற்றி ஏற்றியிருந்தார். திருப்பி வைத்ததும் நான்கு ஜோடியும் ஓரளவு வழிக்கு வந்தன.

இதற்கிடையில் கம்பி மாட்டும் படலம். மாண்டலின் கம்பிக்கு ஒரு முனையில் வளையம் இருக்கும். அதை வால்பக்கத்துக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பிருடையில் சுற்றி முறுக்க வேண்டும். இந்தப் பக்கம் முறுக்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் வளையம் கொக்கியை விட்டு நழுவும். படைத்தவன் இரண்டு கையோடு நிறுத்திக்கொண்டதால் நம்மவர் மனைவியை அழைத்து வளையத்தை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

“விட்டுடவா?”

“விட்டா கண்ணுல அடிக்கும்.”

“யார் கண்ணுல?”

“என் கண்ணுலதான்.”

“அப்ப விடலாம்.”

விடவில்லை, பாவம். மாட்டி முடித்தார்கள். பிறகு சுருதி. பிருடைத் தலையில் கவ்விக்கொள்ளும் குட்டி ட்யூனர் ஒன்றை மகன் அனுப்பியிருந்தான். கீழிருந்து மேலாக ஜி 196 ஹெர்ட்ஸ், டி 294, ஏ 440, ஈ 659. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே ஸட்ஜ பஞ்சம இடைவெளி. ஏழாம் மெட்டில் அழுத்தினால் அடுத்த ஜோடியின் திறந்த ஒலி கேட்கும். நம்மவர் ஈ கம்பியை மீட்டினார், முறுக்கினார். முள் அசையவில்லை. இன்னும் முறுக்கினார். அசையவில்லை. எட்டுக் கம்பிக்கு எட்டுப் பிருடை இருக்கும்போது மீட்டுவது ஒன்று, முறுக்குவது அதன் ஜோடி என்பது உலகத்து மாண்டலின்காரர்கள் எல்லாரும் கடந்துவந்த கட்டம். கால் மில்லிமீட்டர்தான் ஈ கம்பியின் கனம். பொறுத்துப் பார்த்துவிட்டு ‘டங்’ என்று அறுந்தது.

மேலிருந்து போன் வந்தது. மாடி வீட்டு மாமி. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவர். “சார், ஏதாவது வெடிச்சுதா?”

கம்பி என்றதும் மாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கீழே இறங்கி வந்தார், வாத்தியத்தைப் பார்த்தார், தீர்ப்பு சொன்னார். “வயலின் ஸ்ருதிதானே. நம்ம சங்கீதத்துக்கு ஸ-ப-ஸ-ப தான். முதல் ரெண்டு ஜோடியை அப்படியே விட்டுடுங்கோ. மூணாவதையும் நாலாவதையும் ஒரு ஸ்வரம் இறக்குங்கோ. ஏத்த வேண்டாம், இறக்கினா கம்பி அறாது.” ஏ இறங்கி ஜி ஆயிற்று, ஈ இறங்கி டி ஆயிற்று. ஐந்து கட்டை. வங்கியில் இத்தனை எளிதாக யாரும் எதையும் இறக்கிக் கொடுத்து நம்மவர் பார்த்ததில்லை.

ஜோடிக்குள் ஒற்றுமை வருவதுதான் பெரும்பாடு. இரண்டு கம்பிக்கும் நடுவே நொடிக்கு இரண்டு அதிர்வு வித்தியாசம் இருந்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி எழும்பி அமுங்கி ‘வாவ்... வாவ்...’ என்று அலையும். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும் என்பதால் ஒன்றைச் சேர்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முதலாவது இறங்கிவிடும். பில் மன்றோவின் சின்ன வயதுக் கதை ஒன்று நம்மவருக்கு ஆறுதலாக இருந்தது. அண்ணன்மார் பிடிலையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டுவிட, கடைக்குட்டிக்கு மிஞ்சியது மாண்டலின். சத்தம் அதிகமாக இருக்கக் கூடாது என்று எட்டில் நாலு கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் வாசிக்கச் சொன்னார்களாம். நாலோடு விட்டிருந்தால் உலகத்தில் எத்தனை பேருக்குச் சுருதி சேர்ந்திருக்கும் என்று நம்மவர் பெருமூச்சு விட்டார்.

மாமியே குருவானார். மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்தது என்று காலங்காலமாகச் சொல்லிவரும் பாடத்திட்டம். ஐந்து கட்டைச் சுருதியில் அது மாண்டலினில் அச்சடித்தாற்போல உட்காரும். முதல் ஜோடி திறந்தபடி ஸ. ஒன்றாம் மெட்டு ரி. நாலாம் மெட்டு க. ஐந்தாம் மெட்டு ம. அடுத்த ஜோடி திறந்தபடி ப. ஒன்றாம் மெட்டு த, நாலாம் மெட்டு நி, மூன்றாம் ஜோடி திறந்தபடி மேல் ஸ. மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் மூன்றே மூன்று. 62 வயதுக் கச்சேரி 60க்கே முன்தள்ளி வரும் என்று தோன்றியது.

ஆனால் ரிஷபம் உதைத்தது.

“சார், உங்க ரிஷபம் ஏறிண்டே போறதே” என்று மாடியிலிருந்து குரல் வரும். நம்மவர் மெதுவாக அழுத்திப் பார்த்தார், நசுங்கிய ஒலி. பலமாக அழுத்தினார், ரிஷபம் இன்னும் ஏறியது, விரல் நுனியில் கம்பி வரைந்த இரட்டைக் கோடு ஆழமானது. தைவதமும் அப்படியே. காந்தாரமும் நிஷாதமும் அவ்வளவு மோசமில்லை. காது சரியில்லையோ என்று சந்தேகம் வந்தது. வயது, ரத்த அழுத்தம், ஜாதகத்தில் சுக்கிரன் இருக்கும் இடம் என்று காரணங்கள் வரிசையில் நின்றன. மனைவி மட்டும் நடைமுறையாக யோசித்தார். “அந்தப் பொட்டியை மாட்டிப் பாருங்களேன், அது பொய் சொல்லாது.”

ட்யூனரை மாட்டினார். திறந்த ஸ பச்சை காட்டியது. ஒன்றாம் மெட்டு ரி, முள் மையத்தைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. காது நிரபராதி. சுக்கிரனும் நிரபராதி.

வடபழனிப் பக்கம் ஒரு சந்தில் கிட்டார் ரிப்பேர் செய்யும் இளைஞரிடம் வாத்தியம் போய்ச் சேர்ந்தது. அவர் மீட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் மெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் மெட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “கை வலிச்சிருக்குமே அங்கிள்?” என்றார். அந்த இடத்தில் கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். இங்கே அட்டை நுழைந்தது.

குற்றவாளி நட். அதில் கம்பி உட்காரும் பள்ளங்களை ஆழமாக வெட்டவில்லை. உயரத்தில் நிற்கும் கம்பியை மெட்டுவரை அழுத்திக் கொண்டுவரும்போது அது இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறும். நட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த ஏற்றம் ஒன்றாம் மெட்டில்தான் மிக அதிகம். தள்ளிப் போகப் போகக் குறையும். மலிவு வாத்தியங்களில் பள்ளத்தை மேலாகவே வெட்டி அனுப்புவது சகஜம். ஆழம் கூடிவிட்டால் கம்பி மெட்டில் உரசி இரையும், வாத்தியம் திரும்பி வரும். மேலாக இருந்தால் வாங்கியவர் தன் விரலைத்தான் நொந்துகொள்வார், வாத்தியம் திரும்பி வராது. மேற்கத்திய பாணியில் ஆரம்பிக்கிறவருக்கு முதல் பாடத்தில் ஒன்றாம் மெட்டு அதிகம் வராது. அவர் தப்பித்துக்கொண்டே போகலாம். மாயாமாளவகௌளைக்காரர் ஸ சொல்லி வாய் மூடுவதற்குள் போய் நிற்கும் இடமே அதுதான். புரந்தரதாசர் தெரியாமலே வைத்துவிட்டுப் போன தரப் பரிசோதனை அது.

இளைஞர் ஒவ்வொரு கம்பியின் கனத்துக்கும் ஒரு மெல்லிய அரம் வைத்திருந்தார். இரண்டு இழுப்பு இழுப்பார், கம்பியை உட்கார வைப்பார், பார்ப்பார், மறுபடி எடுப்பார். அதிகம் அறுத்துவிட்டால் என்று நம்மவர் கவலைப்பட்டார். “சோடா உப்பை அடைச்சு மேல ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டா கல்லாயிடும் அங்கிள். மறுபடி அறுத்துக்கலாம்.” ஆப்ப மாவுக்குப் போடுகிற பொருள் சங்கீதத்துக்கும் ஆகும் என்ற செய்தி அன்று இரவே வீட்டில் ஒலிபரப்பாயிற்று.

பிறகு கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் திருப்பு திருப்பினார். கழுத்து நேராகவும் இருக்க வேண்டும், மருந்துக்குக் கொஞ்சம் முன்புறம் குழிந்தும் இருக்க வேண்டும். கடைசியாகக் குதிரையின் இரண்டு பக்கத்துச் சக்கரங்கள். அவற்றைத் திருப்பினால் கம்பியின் உயரம் ஏறும், இறங்கும். ஏற்றுவதானால் முதலில் கம்பியைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் திருகு பாழாகும். 12ஆம் மெட்டில் கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருப்பது பழக்கம். அளப்பதற்கு இளைஞர் ஸ்கேல் தேடியபோது நம்மவர் பர்ஸைத் திறந்தார். ஏடிஎம் கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். இரண்டு கார்டை ஒன்றாக வைத்து நுழைத்தால் ஒன்றரை. முப்பது வருஷத்துக்கு மேலான வங்கி அனுபவம் சங்கீதத்துக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம் அது.

கிளம்பும்போது சில்லறை உபதேசங்களும் கிடைத்தன. நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் கம்பி சிக்காமல் ஓடும். குதிரைக்கும் வாலுக்கும் நடுவே உள்ள துண்டுக் கம்பிகள் தங்கள் இஷ்டத்துக்கு ரீங்கரிக்கும். ஒரு தோல் துண்டைச் செருகினால் வாயை மூடும். 11க்கு 40 என்று எழுதியிருக்கும் கம்பிக் கட்டுக்குப் பதில் 10க்கு 38 வாங்கினால் புது விரலுக்குச் சுகம். கிட்டாருக்கான மெல்லிய பிக் வேண்டாம், ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கனமானதாக எடுத்துத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைக்க வேண்டும். சென்னைக் கடல்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்தால் எஃகு சீக்கிரம் துருவேறும். மொத்தக் கூலி வாத்தியத்தின் விலையில் கால்வாசி வந்தது. தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததும் ஏறக்குறைய அதே தொகை.

வீடு வந்து ரிஷபத்தை மீட்டினார். முள் பச்சையில் நின்றது. மாடி மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தில் நம்மவருக்கு ஒரு பயம் தட்டியது. இனி தப்பு வந்தால் நட்டைக் கைகாட்ட முடியாது.

தைரியத்துக்கு மறுபடி வரலாற்றிடம் போனார். ஆர்.இ.எம். குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கி, டிவி பார்த்துக்கொண்டே கத்துக்குட்டியாகத் தட்டியதை டேப்பில் பதிந்துவைத்தார். அதில் அகப்பட்ட ஒரு சங்கதிதான் 1991இல் ‘லூசிங் மை ரிலிஜன்’ என்ற பாட்டாகி இரண்டு கிராமி விருது வாங்கியது. லெட் ஸெப்பலினின் ஜிம்மி பேஜ், கூட இருந்த ஜான் பால் ஜோன்ஸின் மாண்டலினைச் சும்மா எடுத்துப் பார்த்ததில் ஒரு பாட்டு பிறந்தது. 1971 ஆல்பத்தில் இருக்கிறது. அதே வருஷம் ராட் ஸ்டூவர்ட்டின் ‘மேகி மே’ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதன் கடைசியில் வரும் மாண்டலினை வாசித்தவர் லிண்டிஸ்ஃபார்ன் குழுவின் ரே ஜாக்சன். ஆல்பம் உறையில், மாண்டலின் வாசித்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர், பேர் நினைவுக்கு வரவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். முதல் இரண்டு செய்தியும் நம்மவருக்குத் தெம்பளித்தன. மூன்றாவதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

பீட்டர் பக் வழியில் தன் சாதகத்தையும் போனில் பதிந்து கேட்டார். சீரியல் வசனம் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. மாண்டலின் பின்னணியில் அவ்வப்போது வந்துபோயிற்று.

கமகம் என்ற கட்டம் வந்தபோது இன்னொரு யோசனை முளைத்தது. இரட்டைக் கம்பியைச் சேர்த்து இழுத்து அசைத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடுவதில்லை, ஒலி பிரிந்துவிடுகிறது. மாண்டலினின் நாதம் சீக்கிரம் அடங்கியும்விடும். ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினுக்குப் போய், ஜோடிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளை வைத்துக்கொண்டதில் இருந்த சூட்சுமம் நம்மவருக்கு இப்போது விளங்கியது. அமெரிக்க அண்ணன்மாரும் பாலகொல்லு மேதையும் ஒரே திசையைக் காட்டும்போது தயங்க என்ன இருக்கிறது? மாமியிடம் அனுமதி கேட்டார். எட்டில் நாலைக் கழற்றிவிடலாமா?

“தாராளமா கழட்டுங்கோ” என்றார் மாமி. “மீதி நாலையும் எப்போ?”

வடபழனி இளைஞர் போனில் வேறு விதமாகத் தடுத்தார். “இழுப்பு பாதியாயிடும் அங்கிள். கழுத்து பின்னாடி போகும், குதிரைல அழுத்தம் இருக்காது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து செட் பண்ணணும்.” முதல்லேர்ந்து என்ற சொல்லில் நம்மவர் அடங்கினார். எட்டும் நீடிக்கிறது.

இப்போது ஸரளி வரிசை இரண்டாம் காலத்தில் ஓடுகிறது. ரிஷபத்தைப் பற்றி மாடியிலிருந்து புகார் வருவதில்லை. சென்ற வாரம் புதிதாக ஒன்று வந்தது. “ரி சரியாயிடுத்து சார். இப்போ காந்தாரம் துளி ஏறறதே?” ட்யூனர் பச்சையைத்தான் காட்டுகிறது என்று நம்மவர் வாதாடினார். மாமி ஒப்பவில்லை. வடபழனிக்குப் போன் போட்டார். மாமி சொல்வதுதான் சரி என்றார் இளைஞர். மெட்டுகளைச் சம அளவான பன்னிரண்டு பங்காக வகுத்து அடித்திருப்பதால் அந்த இடம், காது கேட்கிற சுத்தமான அந்தர காந்தாரத்தைவிட 14 சென்ட், அதாவது ஒரு மெட்டு இடைவெளியில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு, மேலே நிற்கும். ட்யூனரும் அதே அளவுகோலில் பார்ப்பதால் பச்சை காட்டும். உலகம் முழுக்க மாண்டலினும் கிட்டாரும் அப்படித்தான், அரத்தால் ஆகிற காரியமில்லை.

நம்மவர் மாடி ஏறிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

“உலகம் பூராவா?” என்றார் மாமி. கொஞ்சம் யோசித்தார். “சரி, உலகத்தை அப்புறமாப் பாத்துக்கலாம். நீங்க மத்யமத்தை வாசிங்கோ.”